தெரியுமா? கை போனாலும் மூளை கைவிடுவதில்லை!

கன்னத்தில் பஞ்சால் தொட்டால், இல்லாத கையின் கட்டைவிரலில் உணர்ச்சி! மேலுதட்டைத் தொட்டால் சுட்டுவிரலில்! தாடையைத் தொட்டால் சுண்டுவிரலில்! விபத்தில் ஒரு கையை இழந்த 17 வயதுப் பையன் ஒருவன், கண்ணை மூடிக்கொண்டு இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறான், தெரியுமா? கை போய் நாலே வாரம்தான் ஆகியிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு சொட்டு கன்னத்தில் வழிந்தபோது, இல்லாத அந்தக் கையின் மேலும் தண்ணீர் வழிவதாகச் சொன்னான்!

இந்த அதிசயத்தை 1992இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதி மருத்துவ உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தவர் டாக்டர் படிப்பு படித்தது எங்கே? நம் ராயபுரத்தில்! ஓல்டு ஜெயில் ரோட்டில் இருக்கும் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில்! அவர்தான் வி.எஸ். ராமச்சந்திரன். 1951இல் பிறந்த தமிழர், சட்ட மேதை அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன். ஸ்டான்லியில் மாணவராக இருந்தபோதே, 1972இல், உலகின் முன்னணி அறிவியல் இதழான ‘நேச்சர்’ அவருடைய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டது. இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழத்தை எப்படிப் பார்க்கின்றன என்பது பற்றிய கட்டுரை அது. அப்போது அவருக்கு வயது இருபது, இருபத்தொன்று! பிறகு கேம்பிரிட்ஜ், அதன்பின் அமெரிக்காவின் சான் டியாகோ. 2007இல் பத்மபூஷண்.

வடசென்னைப் பெரியவர்கள் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று சொல்வார்களே, அந்த ஸ்டான்லிதான் இது. 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்து வந்த சனங்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் தொடங்குகிறது அதன் கதை.

கன்னத்தைத் தொட்டால் கையில் ஏன் தெரிகிறது? நம் உடம்பு முழுவதற்கும் மூளையின் மேற்பரப்பில் ஒரு வரைபடம் இருக்கிறது, தெரியுமா? கனடாவின் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற அறுவை மருத்துவர், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்சாரத்தால் அங்கங்கே தொட்டு, “எங்கே உணர்ச்சி வந்தது?” என்று கேட்டுக் கேட்டே அந்த வரைபடத்தைத் தயாரித்தார். 1937இல் அது வெளியானது. அதில் இரண்டு வியப்புகள். ஒன்று, முதுகு முழுவதற்கும் கிடைத்திருப்பதைவிட விரல்களுக்கும் உதட்டுக்கும் கிடைத்திருக்கும் இடம் பெரிது! இரண்டாவது, அந்த வரைபடத்தில் முகத்துக்குப் பக்கத்து வீடு கழுத்து அல்ல, கை! (பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்ற ஜேக்கப் சாண்டிதான் 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கியவர். மான்ட்ரியலுக்கும் வேலூருக்கும் அப்படி ஒரு நேர் தொடர்பு!)

கை போய்விட்டால் அதற்கான இடத்துக்குச் சேதி வருவது நின்றுவிடும். அப்போது பக்கத்தில் இருக்கும் முகத்தின் சேதி அங்கேயும் கேட்கத் தொடங்குகிறது. இது வெறும் ஊகமாக இருந்திருக்கும், 1991இல் டிம் போன்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் குரங்குகளின் மூளையைச் சோதித்துப் பார்க்காமல் இருந்திருந்தால். அதற்கு 12 ஆண்டுகளுக்கு முன்பே கையின் உணர்வு நரம்புகள் துண்டிக்கப்பட்ட குரங்குகள் அவை. முகத்தைத் தொட்டால், கைக்கான பகுதி துடித்தது! 10 மில்லிமீட்டருக்கும் மேலான தூரத்துக்கு முகத்தின் ஆட்சி பரவியிருந்தது. ‘வளர்ந்தவர்களின் மூளை மாறவே மாறாது’ என்று பாடப்புத்தகங்கள் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது! அந்தக் குரங்குகள் பட்ட பாட்டையும் மறக்கக் கூடாது. ஆய்வுக்கூட விலங்குகளை நடத்தும் முறை பற்றி அமெரிக்காவில் பெரிய வழக்கும் விவாதமும் அவற்றை வைத்துத்தான் எழுந்தன.

இல்லாத கை வலிக்கும், தெரியுமா? சாதாரண வலி இல்லை. விரல்கள் இறுக்கி மடங்கி, நகம் உள்ளங்கையைக் குத்திக் கிழிப்பது போல வலிக்கும். விரலை விரிக்கலாம் என்றால் விரல் இல்லை! மாத்திரை போட்டும், எஞ்சிய கையை மேலும் கொஞ்சம் வெட்டியும் பார்த்துத் தோற்ற வலி அது. ராமச்சந்திரன் ஒரு அட்டைப்பெட்டியும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் எடுத்துக்கொண்டார். பெட்டியின் நடுவே கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையை ஒரு பக்கம் விடச் சொன்னார். பிரதிபலிப்பைப் பார்த்தால் போன கை திரும்பி வந்து அங்கே இருக்கிற மாதிரியே தெரியும். “இரண்டு கையையும் சேர்த்து விரியுங்கள்” என்றார். நல்ல கை விரிய, கண்ணாடிக் கையும் விரிய, ஆண்டுக்கணக்காக இறுகிக் கிடந்த இல்லாத கையும் விரிந்தது! சிலருக்கு அந்த நிமிஷமே வலி தணிந்தது!

ஒருவர் அந்தப் பெட்டியை வீட்டுக்கே எடுத்துப் போனார். மூன்று வாரம் பயிற்சி. இல்லாத கை, உண்மையாகவே இல்லாமல் போனது! விரல்கள் மட்டும் தோள்பட்டைக்கு அருகே ஒட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னாராம். 1995, 1996இல் இந்தக் கண்ணாடிப் பெட்டி பற்றிய கட்டுரைகள் வெளிவந்தன. 2007இல் அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றில் காலிழந்தவர்களை மூன்று குழுவாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்குக் கண்ணாடி, ஒரு குழுவுக்குத் துணி போட்டு மூடிய கண்ணாடி, ஒரு குழுவுக்குக் கற்பனை மட்டும். நான்கு வாரத்தில், திறந்த கண்ணாடியைப் பார்த்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது! மற்ற இரண்டு குழுவிலும் பலருக்கு வலி கூடியது. சின்னச் சோதனைதான், ஆனால் கண்ணால் பார்ப்பது எவ்வளவு பெரிய மருந்து என்று அது காட்டிவிட்டது. இன்று பக்கவாதம் வந்து கை விழுந்தவர்களுக்கும் பிசியோதெரபி அறைகளில் இதே கண்ணாடியை வைக்கிறார்கள்.

சரி, ராயபுரத்துக்கே திரும்பி வருவோம். இன்னும் பெரிய விஷயம் அதே வளாகத்தில் இருக்கிறது!

கைக்கென்றே ஒரு தனி நிலையம் ஸ்டான்லியில் இருக்கிறது, தெரியுமா? துறைமுகம், ரயில்வே, காசிமேடு மீன்பிடித் துறைமுகம், திருவொற்றியூர், மணலி, எண்ணூர் வரை வரிசையாக ஆலைகள், தெருவுக்குத் தெரு லேத் பட்டறைகள். பவர் பிரஸ் இறங்கும்போது விரல் உள்ளே இருந்துவிட்டால், வின்ச் கயிற்றில் கை சுற்றிக்கொண்டால், பெல்ட்டில் சட்டைக் கை மாட்டினால், ஓடிவருகிற இடம் ஸ்டான்லி. டாக்டர் ஆர். வெங்கடசுவாமி 1970களில் இங்கே கை அறுவைக்கும் மறுவாழ்வுக்கும் கட்டியெழுப்பிய பிரிவுதான் இன்றைய நிலையம். நுனி சாய்வாக வெட்டுப்பட்ட விரலை, அதே விரலின் பக்கவாட்டுத் தோலை முக்கோணமாக நகர்த்தி மூடும் முறை ஒன்றை அவரும் சகாவும் 1980இல் சர்வதேச இதழில் எழுதினார்கள். இன்றும் உலகம் முழுக்கக் கை அறுவைப் பாடங்களில் அந்த முறை இருக்கிறது. தோலோடு அதன் நரம்பும் சேர்ந்தே வருவதால், மூடிய நுனிக்கு உணர்ச்சியும் இருக்கும்! விரல் நுனியில் உணர்ச்சி இருந்தால்தான் மூளைக்கு வேலை. மரத்துப்போன விரலை மூளை சீக்கிரமே ஒதுக்கிவிடும், சட்டைப் பொத்தான் போடக்கூட அதைக் கூப்பிடாது.

துண்டான விரலை மறுபடி ஒட்ட முடியும் என்பது தெரியுமா? ஜப்பானில் 1965இலேயே முழுதாகத் துண்டான கட்டைவிரலை நுண்ணோக்கி வைத்து இணைத்துவிட்டார்கள். விரலின் ரத்தக் குழாய் சுமார் ஒரு மில்லிமீட்டர் குறுக்களவுதான் இருக்கும், அதற்குள் தையல்! பட்டறைக்காரர்களும் போட்டுக்காரர்களும் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். துண்டான விரலைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைக்க வேண்டும். மீனைப் புதைப்பது மாதிரி நேராக ஐஸுக்குள் புதைத்தால் திசு செத்துவிடும், பிறகு யாராலும் ஒட்ட முடியாது. காசிமேட்டில் ஐஸுக்குப் பஞ்சமில்லை என்பதாலேயே இந்தத் தவறு எளிதில் நடந்துவிடும்.

ஒட்டியாயிற்று, தையல் பிரித்தாயிற்று. வேலை முடிந்ததா? இல்லை! மூளைக்கு அப்போதுதான் வேலை ஆரம்பம்!

அறுந்த நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், தெரியுமா? மணிக்கட்டில் அறுந்தால் விரல் நுனிக்கு வந்து சேர ஏறக்குறைய ஆறு மாதம். முழங்கைக்கு அருகில் என்றால் ஒரு வருஷத்துக்கும் மேல். வளர்ந்துகொண்டிருக்கும் முனை எங்கே வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள மருத்துவர் தோலின் மேல் விரலால் தட்டிக்கொண்டே போவார். ஓரிடத்தில் கரன்ட் அடித்த மாதிரி சுரீர் என்னும். நரம்பு அதுவரைக்கும் வந்துவிட்டது! 1915லிருந்து நடைமுறையில் இருக்கும் சோதனை இது. எந்த மெஷினும் வேண்டாம்.

இன்னொரு சிக்கல்: ஒரு நரம்புக்குள் ஆயிரக்கணக்கான இழைகள் இருக்கின்றன. தைத்தபின் அவை பழைய தடத்திலேயே போய்ச் சேருவதில்லை. சுட்டுவிரலுக்குப் போக வேண்டியது நடுவிரலுக்குப் போய்விடும். ஊசி சுட்டுவிரலில் குத்தும், வலி நடுவிரலில் என்று மூளை சொல்லும்! இந்தக் குழப்பத்தை எந்தக் கத்தியாலும் சரிசெய்ய முடியாது. மூளை தானாகப் பழைய கணக்கை அழித்துப் புதுக் கணக்கு எழுத வேண்டும்.

அதை எழுத வைக்கும் இடம்தான் பயிற்சி மேஜை. ஒரு தட்டு நிறைய அரிசி. அதற்குள் ஒரு அஞ்சு ரூபாய்க் காசு, ஒரு சட்டைப் பொத்தான், ஒரு சாவி, ஒரு ஊக்கு. முதலில் கண்ணைத் திறந்துகொண்டு ஒவ்வொன்றையும் அடிபட்ட விரலால் தடவி, “இது சாவி, பல்லு இருக்கு, ஓட்டை இருக்கு” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அரிசிக்குள் விரலை விட்டுத் தேட வேண்டும். காசு கையில் பட்டும் தெரியாது, சாவியைப் பொத்தான் என்று சொல்லத் தோன்றும். கண்ணைத் திறந்து பார், தப்பு, மறுபடி மூடு, மறுபடி தேடு. வெல்வெட் துணி, உப்புத்தாள், துணி மாட்டும் கிளிப், கசக்குவதற்குப் பிசைமாவு மாதிரி ஒரு பொருள். அவ்வளவுதான் சாமான்! பார்ப்பவருக்குக் குழந்தை விளையாட்டாகத் தெரியும். ஆனால் அங்கேதான், அந்த அரிசித் தட்டில்தான், மண்டைக்குள் இருக்கும் வரைபடம் திருத்தி எழுதப்படுகிறது. அறுவை அரங்கத்தைப் பார்த்து வியக்கிற அளவுக்கு நாம் இந்த மேஜையைப் பார்த்து வியப்பதில்லை. வியக்க வேண்டும் என்று மனமார நினைக்கிறேன்.

இந்தத் திறமை சின்னப் பிள்ளைகளுக்கு அதிகம். சுவீடனின் யோரான் லுண்ட்போரி என்ற கை அறுவை மருத்துவர் காட்டிய கணக்கு இது: நரம்பு தைத்தபின் உணர்ச்சி திரும்புவது பத்து வயதுக்குள் அபாரம், வயது ஏற ஏறக் குறைகிறது. புது மொழி கற்கும் திறன் வயதோடு குறைவதும் இதே கணக்குதான்! அவர் குழு இன்னொரு வித்தையும் கண்டது. அடிபட்ட கையின் முன்கையில் மரத்துப்போகும் களிம்பைத் தடவினால், விரல் நுனியில் உணர்ச்சி கூடுகிறது! முன்கை சேதி அனுப்பாமல் கொஞ்ச நேரம் சும்மா இருப்பதால், விரல்களின் சேதியைக் கவனிக்க மூளைக்குக் கூடுதல் இடம் கிடைத்துவிடுகிறது.

பிறவியிலேயே இரண்டு விரல் ஒட்டியிருப்பவர்களுக்கு மூளையிலும் அந்த விரல்களின் இடம் கலந்தே இருக்கும். வெட்டிப் பிரித்த சில வாரங்களில், மூளையிலும் அவை பிரிந்து தனித்தனியாகிவிட்டதை 1993இல் படம் பிடித்தார்கள்!

மூச்சை இழுத்தால் முழங்கை மடங்கும் மனிதர்கள் இருக்கிறார்கள், தெரியுமா?

பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டுத் தோள் மோதி விழுபவர்களுக்குக் கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புக் கொத்து வேரோடு பிய்ந்துவிடுவது உண்டு. கை அப்படியே தொங்கிவிடும். வேரோடு போனதைத் திரும்ப நட முடியாது. அதனால் மருத்துவர்கள் விலா எலும்புகளுக்கு இடையே மூச்சுத் தசைகளுக்குப் போகும் நரம்பு இரண்டு மூன்றை எடுத்து, முழங்கையை மடக்கும் தசையின் நரம்போடு இணைத்துவிடுகிறார்கள். மாதங்கள் கழித்து ஒரு நாள், அவர் ஆழமாக மூச்சை இழுக்கிறார், கை லேசாகத் துடிக்கிறது! இருமினால் கை துள்ளுகிறது! தண்ணீர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோக மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. விடாமல் பயிற்சி செய்கிறார். இன்னும் சில மாதங்கள், சிலருக்கு ஓரிரு வருஷம். பேசிக்கொண்டே, மூச்சு விட்டுக்கொண்டே கையை மடக்குகிறார்! மூச்சுக்கான நரம்பு அதேதான். அதற்கு உத்தரவு போடும் இடம் மட்டும் மூளைக்குள் மூச்சிலிருந்து கைக்கு மாறிவிட்டது. இந்த ஒன்றைப் படித்த நாளிலிருந்து எனக்கு வியப்பு அடங்கவே இல்லை.

ஒன்றின் வேலையை இன்னொன்றுக்குப் பழக்கும் இந்த வழியை 1940களின் கடைசியிலேயே வேலூரில் தொட்டவர் மருத்துவர் பால் பிராண்டு. கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போன கைகளில், நன்றாக வேலை செய்யும் தசைநாணை இடம் மாற்றிக் கட்டினார். மோதிர விரலை மடக்குகிற நாணைக் கட்டைவிரலுக்குக் கொண்டுபோய்க் கட்டினால், முதலில் ‘மோதிர விரலை மடக்கு’ என்று நினைத்தால்தான் கட்டைவிரல் அசையும். பழகப் பழக, கட்டைவிரலை நினைத்தாலே கட்டைவிரல் வரும். யாரும் தொடவே அஞ்சிய கைகளுக்கு அந்த மனிதர் செய்தது இது.

இப்போது ராயபுரத்தின் பெரிய நாள். 2018 பிப்ரவரி. மின்சாரம் தாக்கி இரண்டு கைகளையும் இழந்திருந்த ஒரு கட்டடத் தொழிலாளிக்கு, மூளைச்சாவு அடைந்த ஒருவரின் இரு கைகளையும் ஸ்டான்லி மருத்துவர்கள் பொருத்தினார்கள்! தமிழ்நாட்டு அரசு மருத்துவமனை ஒன்றில் இது நடந்தது அதுதான் முதல் முறை. இந்தியாவின் முதல் கை மாற்று அறுவையே அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2015 ஜனவரியில்தான், கொச்சி அமிர்தா மருத்துவமனையில் நடந்திருந்தது. லட்சக்கணக்கில் செலவாகும் அறுவை, ஓல்டு ஜெயில் ரோட்டில், கூலித் தொழிலாளி ஒருவருக்கு! அந்தக் கைகளைக் கொடுக்கச் சம்மதித்த குடும்பத்தை நினைத்தால் நெஞ்சு விம்முகிறது.

வேறொருவர் கை. மூளை அதை ஏற்குமா? பிரான்ஸின் லியோன் நகரில் 2000இல் இரு கைகளும் பொருத்தப்பட்டவரின் மூளையை அறுவைக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்தார்கள். கை இல்லாத காலத்தில், இல்லாத விரலை அசைக்க நினைத்தபோது முகத்தின் பக்கமாக ஒதுங்கிக் கிடந்த இடம் ஒளிர்ந்தது. புதுக் கைகள் வந்து சில மாதங்களில், அது நகர்ந்து கைக்கே உரிய பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது! 2001இல் அந்த ஆய்வு வெளியானது. அதைவிடப் பெரியது 2008இல் வந்தது. கை போய் 35 ஆண்டுகள் கழித்து மாற்றுக் கை பெற்ற அமெரிக்கர் ஒருவர். நான்கே மாதத்தில், அந்தக் கையைத் தொட்டபோது மூளையின் பழைய கைப்பகுதி பதில் சொன்னது! 35 வருஷம் காலி இடமாகக் கிடந்தும் அது கைக்காகவே இருந்திருக்கிறது!

அப்படியானால் முகம் வந்து குடியேறியது என்றார்களே? அங்கேதான் கதை இன்னும் சூடு பிடிக்கிறது. 2025இல் மூன்று பேரைக் கை அகற்றுவதற்கு முன்பே ஸ்கேன் எடுத்து, அகற்றியபின் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து எடுத்துப் பார்த்தார்கள். கையின் வரைபடம் ஏறக்குறைய அப்படியே இருந்தது! முகமோ உதடோ அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. கன்னத்தைத் தொட்டால் கையில் உணர்ந்த அந்தப் பையனின் அனுபவம் பொய்யில்லை. ஆனால் அதற்குக் காரணம் குடியேற்றமா, முன்பே அடங்கிக் கிடந்த இணைப்புகள் வெளிப்பட்டதா என்று விஞ்ஞானிகள் இன்று கடுமையாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இந்தப் புதுச் சேதிதான் கூடுதல் ஆறுதல் தருகிறது. எத்தனை வருஷம் ஆனாலும் அந்த இடம் அழியவில்லை என்றால், மூளையின் சேதியைக் கேட்டு இயங்கும் செயற்கைக் கைக்கும் மாற்றுக் கைக்கும் கதவு திறந்தே இருக்கிறது!

கை நன்றாக இருந்து மூளையே அடிபட்டால்? பக்கவாதம் அதுதானே. 1959இல் நியூயார்க் பேராசிரியர் பெட்ரோ பாக்-ஒய்-ரீட்டாவுக்கு 65 வயதில் பக்கவாதம். பேச்சில்லை, நடையில்லை. மருத்துவர்கள் கைவிரித்தார்கள். மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மகன் ஜார்ஜ், அப்பாவைத் தரையில் தவழ விட்டார்! குழந்தை நடக்கக் கற்ற வரிசையிலேயே கற்கட்டும் என்று. விழுந்த பக்கத்துத் தோளைச் சுவரில் சாய்த்துக்கொண்டு தவழ்ந்தார், தரையில் கோலிக்குண்டுகளை உருட்டிப் பிடித்தார். ஒரு வருஷத்தில் மறுபடி வகுப்பெடுக்கப் போய்விட்டார்! பிற்பாடு கொலம்பியாவில் மலையேறும்போது மாரடைப்பால் இறந்தார். அப்போது மூளையைத் திறந்து பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். பழைய சேதம் அப்படியே இருந்தது, தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புகளில் பெரும்பகுதி அழிந்தே கிடந்தன. சேதம் ஆறவில்லை, மிச்சமிருந்ததை வைத்துக்கொண்டு அவர் மலையேறியிருக்கிறார்! இன்னொரு மகன் பால், இதைப் பார்த்தே வாழ்நாள் முழுவதும் மூளையின் மாறும் தன்மையை ஆராய்ந்தார்.

நல்ல கையைக் கட்டிப்போட்டால் விழுந்த கை எழும், தெரியுமா? எட்வர்டு டாப் என்ற ஆய்வாளர் கண்ட முறை இது. பக்கவாதம் வந்தவர் நல்ல கையாலேயே எல்லாம் செய்து பழகிவிடுகிறார். விழுந்த கையில் கொஞ்சம் சக்தி திரும்பியிருந்தும், அது முடியாது என்றே மூளை முடிவுகட்டிவிடுகிறது. அதனால் நல்ல கைக்கு உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் அதைப் பயன்படுத்த விடாமல், இரண்டு வாரம் தீவிரப் பயிற்சி. 2006இல் 222 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் தேர்ச்சி ஓராண்டுக்குப் பிறகும் நிலைத்திருந்தது. மணிக்கட்டும் விரலும் ஓரளவாவது அசைகிறவர்களுக்குத்தான் இது பொருந்தும். பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்லாமல் வீட்டில் நீங்களாகக் கட்டிப்போட வேண்டாம்.

மூச்சு வாங்காமல் இன்னும் இரண்டு! ஐந்து நாள் பியானோ வாசித்துப் பழகியவர்களுக்கு விரல்களின் இடம் மூளையில் பெரிதானது, விரலை அசைக்காமல் வாசிப்பதாக நினைத்து மட்டும் பழகியவர்களுக்கும் அதே மாற்றம் தெரிந்தது! பிறவியிலேயே பார்வையில்லாமல் எட்டு வயதுக்கு மேல் அறுவை செய்யப்பட்ட நம் நாட்டுப் பிள்ளைகள், கையால் தொட்டறிந்த பொருளைக் கண்ணால் பார்த்து அடையாளம் சொல்ல முதல் நாள் தடுமாறினார்கள், சில நாளில் சொல்லிவிட்டார்கள்! மூளை ஆய்வாளர் பவன் சின்ஹாவின் ‘புராஜெக்ட் பிரகாஷ்’ திட்டம் கண்டது அது. பத்து வயதுக்கு மேல் பார்வை கொடுத்துப் பயனில்லை என்ற பழைய நம்பிக்கை அதோடு ஆட்டம் கண்டது.

இத்தனை அதிசயத்துக்கும் ஒரே விலை, காலம். எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ கை அடிபட்ட தொழிலாளிக்கு இல்லாதது அதுதான். தையல் பிரித்த மறுவாரமே, “வா, ஒரு கையால முடிஞ்சத செய்” என்று கூப்பிடுவார்கள். அரிசித் தட்டு மேஜைக்கு வாரம் மூன்று நாள் போய்வந்தால் அந்த நாள் கூலி போய்விடும். போவது நிற்கிறது, விரல் விறைத்துவிடுகிறது, மூளை அந்த விரலை ஒதுக்கிவிடுகிறது. அறுவை அரங்கத்தில் அத்தனை பேர் விடிய விடிய உழைத்தது பாழ்.

இதற்கு வழி இருக்கிறது, தெரியுமா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பதிவு இருந்தால், வேலையில் அடிபட்டதற்குச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம், வேலைக்குப் போக முடியாத காலம் முழுவதும் கிடைக்கும். அடிபட்ட நாளுக்கு முன் இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கும் கிடையாது. இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்குச் சட்டப்படி இழப்பீடு தர முதலாளி பொறுப்பு. கட்டு பிரிக்கிற அன்றைக்கு டாக்டரிடம், “பிசியோ எத்தனை மாசம் வரணும்?” என்று கேளுங்கள். அந்த மாதங்களையும் இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றிதழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பணம் அந்தச் சான்றிதழை வைத்துத்தான் வரும்.